நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவன்

தங்கச்சிமடம் ஐஸ் ஆலை, கணக்கு மேசை.
ஒன்பதே காலுக்கு மணி எதுவும் அடிப்பதில்லை.
கைப்பேசியில் எண்கள் மட்டும்
திடுமென நடக்கத் தொடங்கும்.

டீசல் கணக்கு எழுதும் தொபியாஸ்
பக்கத்து நாற்காலியில்
மெழுகுவர்த்திகளை அளந்துகொண்டிருக்கிறான்,
எந்தக் கோயிலிலும் ஏற்றாத பச்சையும் சிவப்பும்.
தலைகளைத் தொட்டு ஒரு கோடு.
கால்களைத் தொட்டு இன்னொன்று.
மூன்று முறை முட்டித் திரும்பிவிட்டதாம்,
நானூற்றுப் பன்னிரண்டைத் தாண்டினால்
பறக்குமாம்.

எனக்குப் படம் ஒட்டாது.
என்ன விலை, எத்தனை, எவ்வளவு வேகம்,
அதற்கு மேல் கேட்க மாட்டேன்.
நூறு. இருபத்தைந்து. ஒன்று. ஒன்று.
யாரோ ஒரே ஒரு பங்கு வாங்கிப் பார்க்கிறார்,
தண்ணீர் சில்லிடுகிறதா என்று
பெருவிரலை மட்டும் நனைப்பதுபோல்.
பிறகு நாலாயிரம், ஒரே விழுங்கு.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையையும் நான் படிப்பேன்.

நானூற்றுப் பன்னிரண்டில்
விற்க நிற்பவன் ஐந்நூறு காட்டுகிறான்.
எடுத்துவிட்டார்கள்.
மறுபடி ஐந்நூறு.
எடுத்தார்கள்.
ஐந்நூறு.
எனக்கு இவனைத் தெரியும்!
எங்கள் சரிவுப் பலகையிலும்
எப்போதும் ஒரு பார்தான் கிடக்கும்.
"இவ்ளோதானாக்கா?" என்று
புது லோடுக்காரன் பதறுவான்.
உள்ளறையில் நூற்றெண்பது இருக்கும்.

கையில் இல்லாத இருநூறு பங்கை
411.80-க்கு விற்றேன்.
மூன்றரைக்குள் திருப்பி வாங்கினால் போதும்.
அதே நேரம் தொபியாஸ் வாங்கினான்.
என்னிடமிருந்தேகூட இருக்கலாம்.
யார் யாரிடம் என்று எந்தத் திரையும் சொல்லாது.

பத்து நாற்பத்தாறுக்குக் கரண்ட் போனது.
கம்ப்ரசர் நின்றதும்
ஆலை முழுக்கச் சொட்டுச் சத்தம்.
கச்சான் காற்றில் டவரும் கைவிட்டது.
என் திரையில் 411.95,
அப்படியே.
நடக்காத எண் எண்ணா என்ன,
சுவரில் எழுதிய கதவிலக்கம்.

தொபியாஸ் டீயை ஆற்றிக் குடித்தான்.
"கோடு போட்டாச்சு. அது பாத்துக்கும்."
நான் நண்டுக் கம்பெனி வண்டிக்கு
இரண்டு பாருக்கு மூன்று என்று பில் எழுதி
அடித்துத் திருத்தினேன்.

பதினோரு நிமிடம் கழித்து
416.40.
நானூற்றுப் பன்னிரண்டில் யாரும் இல்லை.
ஐந்நூறுக்காரன் தீர்ந்து போனானா,
பயந்து விலகினானா,
சட்டையை மாற்றிக்கொண்டு
அவனே வாங்க வந்து நின்றானா?
அறைக்குள் எத்தனை பார் என்று
நான் எண்ணியதே இல்லை;
எங்களுடையதை எண்ணி
அவனுடையதைச் சொல்லிவிட்டேன்.
தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.
இரண்டு நாள் சம்பளம், ஒரு பஸ் டிக்கெட்.

பதினொன்று அடித்ததும் கேட்டேன்,
"அந்தப் பச்சையை இங்க காட்டு."
நெட்டையாக நின்றது.
நான் குருடாயிருந்த நேரத்தையும் சேர்த்து விழுங்கி
வீங்கி நின்றது.
விரலால் தொட்டேன், நான்கு எண்கள் தந்தது.
ஆரம்பம் 411.90. உச்சி 417.10.
முடிவு 416.85.
அடி 411.20.

நானூற்றுப் பதினொன்று இருபது.
என் பக்கம் வந்திருக்கிறது.
அறுபது பைசா நான் சரியாக இருந்திருக்கிறேன்.
எந்த நிமிடத்தில்,
எத்தனை கை மாறி, எவ்வளவு தயங்கி,
ஒன்று ஒன்றாகவா, ஒரே விழுங்காகவா?
மெழுகுவர்த்திக்கு அது தெரியாது.
கீழே கட்டையாக ஒரு மொத்தம்,
இரண்டு லட்சத்துச் சொச்சம்.
சந்தை கலைந்தபின் கூட்டிய குப்பைபோல்
எல்லாம் இருந்தது அதில்,
வரிசை மட்டும் இல்லை.

கம்ப்ரசர் உறுமி எழுந்தது.
தொபியாஸ் போய் வடை வாங்கி வந்தான்,
அவன் காசில், நான்கு.
அவன் இரண்டு எடுப்பதற்குள்
நான் மூன்று எடுத்துவிட்டேன்.