உருகல் கழிவு

விடியப்புறம் ஐந்தரைக்கு
குருநகர் ஐஸ் ஃபக்ரறியில் இரண்டு பனி.
ஒன்று தகரத் தொட்டிகளுக்குள்,
மற்றது கிளமென்ற்றின் கைபேசிக்குள்.
மொன்றியலில் நேற்று இன்னும் முடியவில்லை,
அங்கே மாலை ஏழு.

கறுப்புத் தட்டு எங்கே ஓடுகிறதென்று
எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.
வலை நடுங்கிய பிறகுதான்
"அடிச்சிட்டான்" என்பேன்,
எல்லோருக்கும் பிந்தி.

கிளமென்ற்றுக்குத் துவால்.
எமிலியானுஸுக்கு ஹல்ஸ்ற்றோம்.
மூன்று மாரியாய் இதே வழக்கு.
துவால் இருபது வருசம் ஆடினான்,
வருசத்துக்கு முப்பது கோல்,
வீட்டு வாடகை கட்டுகிற மாதிரி.
ஹல்ஸ்ற்றோமுக்கு ஒரே ஒரு சீசன்: எண்பத்தொன்பது.
பிறகு வலது முழங்கால்.
பிறகு எங்கேயோ கார் விற்றானாம்.

"மொத்தத்தைப் பாரடா."
"மொத்தம் வட்டிக்கடைக்காரன் பாக்கிறது.
உச்சத்தில ஆர் பெரிசு? அதைச் சொல்லு."
"உவன் அடிச்ச காலத்தில கோலிமாருக்கு
காலில ரெண்டு தலகணி, நெஞ்சில ஒண்டுமில்லை.
வலை முழுக்க வாசல்.
இப்ப நிக்கிறவங்கள்
அலுமாரி மாதிரியெல்லே நிக்கிறாங்கள்."

தீர்ப்புக்கு என்னிடம் வந்தார்கள்.
என் மேசையில் கல்குலேட்டர் இருக்கிறது,
ஆனபடியால் நீதியும் இருக்கும் என்று நினைப்பு.

நான் பழைய பேரேட்டை இறக்கித் தூசு தட்டினேன்.
பாஸ் எடுத்துக் கடலுக்குப் போன காலத்தில்
'தெரேசம்மா' என்றொரு வள்ளம்
ஒரே நாளில் நூற்றுப்பத்துக் கிலோ பாரை கொண்டுவந்தது,
எஞ்சின் இல்லாமல், கரை தெரிகிற தூரத்துக்குள்.
போன ஆடியில் அதே பெயரில் புதுப் போட்,
இரண்டு எஞ்சின், மீன் பார்க்கிற கருவி,
நானூறு கிலோ.
எது பெரிய பாடு?
அந்தந்த நாளில் மற்ற வள்ளங்களுக்கு
என்ன பட்டதென்று பார்த்து வகுத்தேன்.
அன்றைக்கு ஆளுக்குப் பதினொரு கிலோ.
போன ஆடியில் எல்லோருக்கும் முன்னூறு.

எமிலியானுஸின் முகம் மலர்ந்தது.
"பாத்தியா? ஹல்ஸ்ற்றோமையும் உப்பிடி வகு அக்கா."

வகுத்தேன்.
எல்லோரும் அள்ளி அடித்த சீசன் அது.
எண்பத்தொன்பது சுருங்கிச் சுருங்கி
அறுபத்தொன்றில் வந்து நின்றது.
துவாலின் நல்ல வருசம்
நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்துக்கு ஏறியது.
ஆறு கோல் வித்தியாசம்.
இருவரும் கல்குலேட்டரைப் பார்த்தார்கள்,
அது ஏதோ களவெடுத்த மாதிரி.

நான் அவர்களிடம் சொல்லாதது ஒன்று:
சித்திரையில், முனியப்பர் கோயிலடியில்,
சரியான உச்சி வெயிலில் நின்றிருக்கிறேன்.
நிழல் காலுக்குள் ஒளிந்துவிடும்.
ஒரு பத்து நிமிசம்.
பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்தால்
அது கிழக்கே கசியத் தொடங்கியிருக்கும்.
அந்தப் பத்து நிமிசத்தை எதால் வகுப்பது?

துறையில் எஞ்சின் சத்தம். முதல் போட்டுகள்.
கைபேசி சட்டைப் பைக்குள் போனது.
லொறிப் பெட்டியின் வாசலில் எமிலியானுஸ்
கால் இரண்டையும் அகட்டி, கையை விரித்து,
பகிடிக்குக் கோலியாய் நின்றான்.
கிளமென்ற் கொழுவியால் கட்டியை இழுத்து
ஈரச் சீமெந்தில் நாலு எட்டு ஓடி,
றப்பர்ச் செருப்பு வழுக்க,
இடது பக்கம் போவதாய்த் தோளைக் காட்டி
வலது காலால் தள்ளினான்.
ஐம்பது கிலோ.
எமிலியானுஸின் கால்களுக்கு நடுவால்
சத்தமில்லாமல் உள்ளே போனது.

இந்த முறை எனக்குத் தெரிந்தது,
தொடக்கத்திலிருந்து கடைசிவரை.

"திருப்பி ஒருக்கா" என்றான் எமிலியானுஸ்.
திருப்பி ஒருக்கா,
கட்டி வாசல் நிலையில் பட்டு
நூறாய்ச் சிதறியது.
பூனையொன்று வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது.

வெளியே: நாற்பத்திரண்டு கட்டி.
உருகல் கழிவு: வழமைபோல் நூற்றுக்கு மூன்று.
உடைவு: ஒன்று.
'காரணம்' என்ற நிரலில்
நான் எதுவும் எழுதவில்லை.