எடைச் சீட்டு

இரவு இரண்டே முக்காலுக்கு
லாரி மேடையேறியது.
புதுவயல் எல்லையில் என் எடைமேடை.
நெல் வரும் மாசத்தில் தூங்காது;
அது நெல் வரும் மாசமில்லை.

தார்ப்பாய் இறுகக் கட்டியிருந்தது.
டிரைவர் பக்கத்தில்
தலையில் துண்டு போர்த்தி
மில்லுக்காரர் சோலையப்பன்.
விளக்கை அணைக்கச் சொன்னவர்
சீட்டு மட்டும் கேட்டார். மூணு நகல்.

ஒன்று அவருக்கு.
ஒன்று கோட்டையூரில்
பூட்டுவீட்டுச் சாவியோடு காத்திருக்கும் மச்சினருக்கு.
"நாளைக்கு மூட்டை குறையுதுன்னு வந்துறக் கூடாது பாருங்க."
கோர்ட்டுக்கு ஒளிப்பவர்
மச்சினரை நம்பவில்லை.
மூன்றாவது என் புத்தகத்திலேயே
கார்பன் நீலமாய்த் தங்கிவிட்டது.
விடிகாலை வண்டி காலியாகத் திரும்பியதும்
கழித்து எழுதினேன்:
எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ.

வியாழக்கிழமை அமீனா வந்தார்,
கையில் ஜப்தி உத்தரவு.
திருவாடானைப் பக்கம்
முப்பத்துநாலு பேருக்கு நெல்லுப் பாக்கி.
குடோனில் இருந்தவை:
கிழிந்த தார்ப்பாய் இரண்டு,
குத்தூசி ஒன்று,
அப்போதுதான் பெருக்கிய விளக்குமாற்றுத் தடம்.
தடத்தை ஜப்தி செய்ய முடியாது.

கோட்டையூரில் பூட்டை உடைத்தது
அடுத்த மாதம்.
"என் அரிசி" என்று மச்சினர் மனுப் போட்டார்.

தேவகோட்டையில் கூண்டேறினேன்.
"பேர்?"
"அழகுமீனாள்."
"வண்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"
"தெரியாதுங்க."
"பின்னே என்னதாம்மா தெரியும்?"
"எடைங்க."

மச்சினர் முறை.
சொல்லிக்கொடுத்த வரை சரியாகத்தான் சொன்னார்.
பிறகு சொந்தமாகச் சேர்த்தார்:
"அதுக்கு மேலயும் இவரே எனக்கு
ரெண்டு லட்சம் தரணுங்க."

பின்பெஞ்சில் எழுந்துவிட்டார் சோலையப்பன்.
வக்கீல் வேட்டி நுனியை இழுக்க இழுக்க,
"பொய்யிங்கய்யா! அது என் அரிசி!
நான் ஏத்தினது!
நூத்தெழுபத்தெட்டு மூட்டை!
சீட்டிருக்கு!"

டைப்படிக்கும் சத்தம் ஒரு நொடி நின்று,
அவர் சொன்னதைச் சொன்னபடியே
அடித்து முடித்தது.

வராந்தாவில் குமாஸ்தா சொன்னார்:
ஒளிச்சவனுக்கு இருநூத்தியாறு,
ஒளிச்சதை எனதுன்னவனுக்கு இருநூத்தியேழு.
அடுத்தடுத்த நம்பர்,
என் சீட்டுப் புத்தகம் மாதிரியே.

ஏலம் விட ஒன்றரை வருஷம்.
அதே மூட்டைகள் என் மேடைக்கே வந்தன.
இருநூற்றுப் பத்துக் கிலோ குறைவு.
தார்ப்பாயைத் தூக்கியதும்
கையில் ஏறியது வண்டு.
அதற்குப் பிரிவு எதுவும்
குமாஸ்தா சொல்லவில்லை.
நான் எடையை மட்டும் எழுதினேன்.