பின்கதவின் அகலம்

உறைநிலைக்குக் கீழே முப்பது.
உலான்பாத்தர் கார்ச் சந்தையில்
முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆவது
எங்கள் வாய் மட்டும்.

மினிவேன் என்பது
கல்யாணக் கடனின் கடைசித் தவணை
என்கிறான் எங்க்மந்தாக்.
இரண்டே கதவுள்ள பழைய சுபாரு அவனுடையது.
அதன் வால்சிறகிலிருந்து
பனியைக் கையுறையால் துடைக்கிறான், காதைத் துடைப்பதுபோல.
பிள்ளைகள் மூன்று.
மூன்றும் பள்ளிக்கு பஸ்ஸில் போகின்றன.

கோம்போசுரெனுக்கு டெலிகா.
மலையாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பிறந்தது என்பான்.
கூரையெல்லாம் கண்ணாடி,
படுத்தால் சப்தரிஷி மண்டலம்.
ஜப்பானில் கழித்த வண்டி, ஸ்டீயரிங் வலப்பக்கம்.
எங்கள் சாலையோ இடப்பக்கம் உட்காரச் சொல்கிறது.
முன்னால் போகிற லாரியை முந்தலாமா என்று
பக்கத்திலிருக்கும் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.
இருபது வருஷமாகக் கேட்கிறான்.
வேறெதையும் அவளிடம் கேட்டதில்லை என்று
அவளே என்னிடம் சொன்னாள்.

நான் உதிரிபாகம் விற்பவன்,
எந்த வண்டிக்கும் விசுவாசியில்லை.
என் பகை ஃபுர்கோனோடு மட்டும்.
அந்தச் சாம்பல் நிறச் செங்கல்.
எல்லைக்கு வடக்கே அதற்கு ரொட்டி என்று பேர்.
அறுபது வருஷமாய் அதே அச்சு,
இன்றைக்கும் ஆலையிலிருந்து புத்தம் புதிதாய் வருகிறது
பழசாகவே.
இடப்புறம் ஒரு டேங்க், வலப்புறம் ஒரு டேங்க்,
எதில் எவ்வளவு என்பதை
முள் ஒரு வதந்தியாகச் சொல்லும்.
இஞ்சின் வெளியே இருக்க வேண்டியது,
இதில் ஓட்டுபவன் முழங்காலருகே
கம்பளி போர்த்திப் படுத்து இருமுகிறது.
'செத்தவனுக்கு வருஷாவருஷம்
பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்' என்பேன்.
சிரிப்பார்கள்.
மூன்று குளிர்காலமாக அதே வாக்கியம்;
எனக்கும் ஒரே அச்சுதான் போல.

அன்றைக்கு ஒயுங்கெரெல் வந்தாள்.
கையில் ஒரு கயிறு, கயிற்றில் இரண்டு முடிச்சு.
வண்டியின் விலை கேட்கவில்லை,
வருஷம் கேட்கவில்லை,
கதவுகளைத் திறந்து
கயிற்றை நீட்டிப் பிடித்தாள்.
பெண் ஒருத்தி தனியாக வண்டி வாங்க வந்தால்
எங்களுக்கு அபிப்பிராயம் ஊற்றெடுக்கும்.
குதிகால் மேல் எடை போடாத கிளட்ச் வேண்டும் என்றான் ஒருவன்.
நிறம் முக்கியம் என்றான் இன்னொருவன்.
சுபாருவின் கதவை அவள் பார்க்கக்கூட இல்லை.
டெலிகாவில் நாலு விரற்கடை போதவில்லை.
கயிறுதான் நீளம் என்று
கோம்போசுரென் வாதிட்டுப் பார்த்தான்.

ஃபுர்கோனின் பின்கதவு இரண்டும்
அலமாரி போல விரிந்தன.
இரண்டு முடிச்சும் உள்ளே போய்
இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
பிறகு முன்னால் ஏறி
இஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள்.
வைத்த கையை எடுக்கவில்லை.
'இதன்மேல் வைத்தால் தண்ணீர் உறையாதுதானே?'
அவ்வளவுதான் கேட்டாள்.
உறையாது என்று சொல்ல
என் தொழில் நேர்மை மட்டும் வாய் திறந்தது.

வசந்தத்தில்,
புழுதிக்காற்று சந்தையைப் புரட்டிய ஒரு நாள்,
அதே செங்கல் வந்து நின்றது.
பக்கவாட்டில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கடைவாய்ப்பல்,
வேர் மூன்றோடு.
உள்ளே சாயும் நாற்காலி,
தரையில் போல்ட் போட்டு இறுக்கியது.
போல்ட் என் கடையில் வாங்கியது,
எதற்கென்று அப்போது நான் கேட்கவில்லை.
கோபியில் பதினோரு ஊர் போய் வந்தாளாம்.
இரண்டு முறை வண்டி நின்றதாம்,
ஒருமுறை கரண்டியால் சரிசெய்தாளாம்.

கோம்போசுரெனின் கன்னம் ஒரு வாரமாய் வீங்கியிருந்தது.
ஏறும்போது சொன்னான்:
'பெட்ரோல் நாற்றம்.'
படுத்துக்கொண்டு சொன்னான்:
'டெலிகாவானால் கூரை வழியே வானம் தெரியும்.'
'வாயைத் திறங்கள்' என்றாள்.

இறங்கி வந்தபோது
வாய் நிறையப் பஞ்சு.
ஃபுர்கோனைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.
டயரை உதைத்தான், குனிந்து அடிப்பாகம் பார்த்தான்,
எங்கள் பக்கம் திரும்பி
நீளமாக என்னவோ சொன்னான்.
பஞ்சு எதையும் விடவில்லை.

எங்க்மந்தாக் சொல்கிறான் அது வசவுதான் என்று.
நான் அந்தப் பிறப்புச் சான்றிதழை
மறுபடி எடுக்கப் போனேன்.
என் நாக்கோ
பின்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்றை
மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.