கோமளா செட்

சித்தோட்டுப் பாலிடெக்னிக்கில்
என்ற நோட்டுக்கு ஒரு பேர் இருந்தது.
ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில்
ஜமால் ஜெராக்ஸில் போய்
"கோமளா செட்" என்றால் போதும்.
பக்கம் முக்கால் ரூபாய்,
ஸ்பைரல் பைண்டிங் தனி.

நீலத்தில் பாடம், சிவப்பில் தலைப்பு,
சூத்திரத்துக்குப் பச்சை.
அடிக்கோடு ஸ்கேல் வைத்துத்தான்.
சம்பூரணம் மேடம் வாய் திறந்தால்
என் பேனா ஓடும்,
அவர் இருமினால் மட்டும் நிற்கும்.
கையை உதறும் நேரத்தில் ஒரு வார்த்தை தப்பிவிட்டால்
பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்ப்பேன்.

அங்கே நவநீதன்.
பெருந்துறை சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட்,
ஸ்டென்டர் மெசின் சூடு இன்னும் ஆறாத கண்கள்.
அவன் நோட்டில் அன்றைக்கு
ஒரே ஒரு வட்டம்,
பக்கத்தில் "உருளுது. ஏன்?"
அவ்வளவுதான்.
பாவம், தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்டர்னல் மார்க் வந்தது.
ஐம்பதுக்கு எனக்கு முப்பத்தொன்று.
என்ற செட்டை வாங்கிப் படித்தவனுக்கு
நாற்பத்து நாலு.

கோபம் வராதுங்களா?
பிடுங்காத குறையாக அவன் பிரதியை வாங்கிப் பிரித்தேன்.
என் எழுத்துதான், என் அடிக்கோடுதான்,
சிவப்பும் பச்சையும் மட்டும்
ஜெராக்ஸில் ஒரே கறுப்பு.
பாதிக்கு மேல் அடித்திருந்தான்.
ஓரமெல்லாம் பென்சில்,
தின்று போட்ட கடலைக்காய்த் தோலாட்டம்:
"இது இல்லாட்டி என்னாகும்?"
"எங்க மில்லுல இப்படிச் செய்யறதில்லையே?"
"மறந்துட்டேன்" என்று
ஒரே இடத்தில் மூன்று தரம், மூன்று தேதிகளில்.

நாற்பத்தேழாம் பக்கத்தில்
நான் இரண்டு அடிக்கோடு போட்ட வரி:
"இப்போது எல்லோரும் இங்கே பாருங்கள்."
அதைச் சுழித்து, கீழே
"கோமளா பாத்தாளா?"

பார்க்கவில்லை.
கோரா துணியின் மேல் ஒரு சொட்டு நீர் விடப்படுகிறது என்று
எழுதிக்கொண்டிருந்தேன்.

லேபில் ஆளில்லாத ஒரு மத்தியானம்
கோராத் துண்டு ஒன்றை வளையத்தில் மாட்டினேன்.
பாட்டில் மூடியிலிருந்து ஒரு சொட்டு.
நின்றது.
மணத்தக்காளிப் பழம்போல் உருண்டையாக,
துணியைத் தொட்டும் தொடாமல்.
அறுபது வரை எண்ணினேன்.
பருத்திமேல் இருக்கும் மெழுகு
உள்ளே விடவில்லை.
சாய்த்தேன்.
உருண்டு போய் மேசையில் விழுந்தது.

காஸ்டிக் சோடாவில் வெந்து வந்த துண்டில்
"ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள்
சொட்டைக் காணோம்.
ரெண்டு ரூபாய்க் காசளவு ஈரம் மட்டும்.

இதில் என்னைப் பற்றியும் ஏதோ இருந்தது.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம்
பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.
முதல் வாரம் விரல் அரித்தது,
ஏதோ திருட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.
மேடம் போர்டைத் துடைக்கும் இடைவெளியில் இரண்டு வரி,
என் வாய்க்கு வருகிற மாதிரி:
"மெழுகு போகோணும்.
இல்லாட்டிச் சாயம் திட்டுத்திட்டா நிக்கும்."
எதிரே கொஞ்சம் வெற்றிடம்,
ராத்திரி வந்து நானே கேட்பதற்கு.

பவானி பஸ்ஸில் நோட்டை மூடிவைத்து
லட்சுமி நகர் வருவதற்குள்
எத்தனை ஞாபகம் வருகிறது என்று பார்ப்பேன்.
வராததற்கு ஒரு புள்ளி.
சில நாள் இறங்குகிறவரைக்கும்
புள்ளிதான்.

இந்த செமஸ்டர் செட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஜமால் அண்ணன் புரட்டினார்,
மறுபடி முதலில் இருந்து புரட்டினார்.
"ஏனுங் அம்மணி,
பாதிப் பக்கம் வெள்ளையாக் கெடக்குது,
இதை யாரு காசு குடுத்து வாங்குவாங்க?"

வெள்ளைக்கும் அதே முக்கால் ரூவாதானுங்
என்றேன்.