படர்க்கை

"மேடம், எபினேசர் சார் இருக்காரா?"
பார்சல் கொண்டுவந்த பையன்
வியாசர்பாடி தெருமுனையில் நின்று போனில் கேட்கிறான்.
இருக்காரு, என்கிறேன். கீழ வருவாரு.
பிறகு நானே இறங்கிப் போய்
ஒரு வார்த்தையும் பேசாமல்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.
மேடத்துக்குத் தேங்க்ஸ் சொல்லிடுங்க சார்.
தலையாட்டுகிறேன்.

மகரக்கட்டு உடைந்தது எல்லாப் பையன்களுக்கும்.
எனக்கு விரிசல் விட்டதோடு நின்றுவிட்டது.
ஷேர் ஆட்டோவில் ஏறுமுன்
தொண்டையைச் செருமிச் செருமி
அப்பாவின் குரலை இரவல் வாங்குவேன்.
"பெரம்பூர் ஒண்ணு."
அவ்வளவுக்குத்தான் தாங்கும்.
மீதிச் சில்லறை கேட்கும்போது
என் குரல் வந்துவிடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில்
வங்கியின் போன்களை எடுக்கும் வேலை.
முதல் வாரம் பேச்சுப் பயிற்சி.
ரஞ்சனி மேடம்
என் இன்னாவைப் பிடுங்கி என்னவை நட்டார்.
கீதுவை எடுத்துவிட்டு இருக்கிறது வைத்தார்.
ஏழாம் நாள் நான்
எந்தத் தெருவிலும் பிறக்காதவன்.
ஆனால் வாக்கிய முடிவில்
கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இழுத்து,
ஓரமாய்ச் சாயுமே ஒன்று,
அதை ஹெட்செட்டில் மூன்று தரம் கேட்டுவிட்டு
"இது மட்டும்..." என்று நிறுத்தினார்.
என்ன எழுதி வைத்தாரோ,
அந்த மாதத்துக் கோபக்காரர்கள் எல்லாரையும்
எனக்கே திருப்பினார்கள்.
தவணை கட்ட முடியாத ஒருவன்
மேடம் மேடம் என்று அழுதுவிட்டு
அக்காகிட்ட பேசின மாரி இருந்துச்சு என்றான்.
நான் திருத்தவில்லை.

கருணாகரனுக்குக் கப்பல் சங்கு போல் குரல்.
கிரேன் மேலிருந்து ஒரு அதட்டு அதட்டினால்
கன்டெய்னரே நகர்ந்து வழிவிடும்.
எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிறான்
என்பது தெருவுக்குச் சொன்ன கணக்கு.
என்னைப் பார்த்தால் கிசுகிசுக்கிற டீக்கடை
அவனிடம் பொண்ணு பாக்கட்டுமா என்கிறது.
ஜாதகம் சரியில்லண்ணே என்பான்,
அந்த அடிவயிற்றுக் குரலில்.
நம்பிவிடுவார்கள்.

ஆபீஸில் மதியச் சாப்பாடு.
அவங்களுக்கு நைட் ஷிப்ட்.
அவங்க கருவாடு இல்லாம துன்— சாப்பிட மாட்டாங்க.
அவங்க ரொம்பக் குறட்டை விடுவாங்க.
"பொண்டாட்டிய எவ்ளோ மரியாதையாப் பேசுறாரு பாரு"
என்று ஹேமலதா
தன் புருஷனுக்கு என்னைப் பாடம் எடுக்கிறாளாம்.
ஒரேயொரு 'ங்க'வுக்குக் கீழே
ஆறடி ஆளை ஒளித்து வைத்திருக்கிறேன்.
சில நாள் கால் வெளியே நீட்டிக்கொள்கிறது.

இலக்கணத்தில் நான் ஜஸ்ட் பாஸ்.
ஒன்று மட்டும் தங்கியது.
நான் வந்தேன்: ஆணா பெண்ணா, தமிழ் கேட்காது.
நீ வந்தாய்: அப்போதும் கேட்காது.
மூன்றாவது ஆள் வாயைத் திறக்கும்போதுதான்
வினையின் வாலில்
ஆனும் ஆளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
நானும் நீயுமாகவே
எட்டு வருஷம் பேசிவிட்டோம்.

நான் போகும்போது
"அது போவுது பார்றா" என்பார்கள் பையன்கள்.
அம்மா கேட்டுக்கொண்டே
குழாயடியில் மீன் கழுவுவாள்.
ஒன்றும் சொன்னதில்லை.

அப்பாவின் பேரை அவள் வாயால்
நான் கேட்டதே கிடையாது.
அது வந்துச்சா. அது துன்னுச்சா.
அது குட்ச்சிட்டு எங்க வுயுந்து கெடக்குதோ.
கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில்,
அது பூடுச்சுடா.

நேற்று மழை.
கருணாகரனுக்கு ஷிப்ட் முடிந்து இரண்டு மணி நேரம்.
எண்ணூர் ரோட்டில் முட்டி வரைக்கும் தண்ணி
என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது.
அம்மா தட்டு எடுத்து வைத்தாள். மூன்று.
ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.
"இன்னாடா, அது இன்னும் வர்ல?
கொயம்பு ஆறுது."

செருமத் தோன்றவில்லை எனக்கு.
வந்துடும்மா, என்றேன்.
அவள் சட்டியை மறுபடி
அடுப்பில் ஏற்றினாள்.