விலாசம்

மார்ச் இருபத்தொன்பது என்றார்கள்.
பிளேட் மாற்றினேன்.
கறுவாப்பட்டை, நூறு கிராம், இலங்கை உற்பத்தி.
அடியில் நுளம்புக்கால் எழுத்தில் இருந்த
ரொட்டர்டாம் விலாசத்தை எடுத்துவிட்டு
லண்டனில் ஏதோ ஒரு தெருவை வைத்தேன்.
வெட்டாமல் கிடந்த பழைய தாள்களை
நிறுத்து விற்றேன் கடலைக்காரனுக்கு.

நாற்பதாயிரம் லேபல். மை காயவில்லை.
சவாஹிர் ஹாஜியார் போன் எடுத்தார்:
"நிப்பாட்டுங்க. அவங்க இன்னும் போகல்லயாம்."

ஏப்ரல் பன்னிரண்டு என்றார்கள் பிறகு.
பிறகு ஒக்டோபர்.

இடையில் எங்களுடைய ஏப்ரல் வந்தது.
அதை இங்கே எழுதமாட்டேன்.
கொச்சிக்கடையிலிருந்து வந்து தாள் வெட்டும் ஜசிந்தா
வேலைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று.
ஹாஜியார் மலிபன் வீதிக்கு வருவதை நிறுத்தி
போனிலேயே கணக்குப் பேசினார்,
ஒவ்வொரு முறையும்
கடையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று கேட்டுவிட்டு.

தேத்தண்ணிக் கடை டிவியில்
அந்த நாட்டுப் பாராளுமன்றம்.
வேண்டுமென்பவர் ஒரு வாசலால், வேண்டாமென்பவர் மறு வாசலால்
நடந்துபோய் எண்ணப்படுகிறார்கள்.
போவதா என்று கேட்டால் ஆம்.
இப்படிப் போவதா என்றால் இல்லை.
அப்படிப் போவதா என்றால் அதுவும் இல்லை.
பிளேன்டி ஆறிப்போகும்வரை பார்த்தேன்.

சுனேத் கேட்டான், மெஷினைத் துடைத்தபடி,
மூன்று வருஷமாக அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்:
மீன். காசு.
அப்புறம் பக்கத்தில் ஒரு தீவு,
அதன் நடுவே ஓடும் ஒரு கோடு.
அவன் மைக்கட்டையைக் கொஞ்சம் கூடவே துடைத்தான்.
நானும் தாளை எண்ணத் தொடங்கினேன்,
ஏற்கெனவே எண்ணிய தாளை.

தபால் கந்தோரில் வேலை கிடைத்த அன்று
என் தங்கை தயாநிதி ஒரு சத்தியம் செய்தாள்.
நாட்டுக்குள் இன்னொரு நாடு கேட்கமாட்டேன்,
கேட்பவருக்குத் துணைபோகமாட்டேன்.
இருபத்திரண்டு வயது. தலைமுடி ஈரம் காயாமல் போயிருந்தாள்.
முத்திரை ஒட்டத்தானே கேட்டேன் என்றாள் வீட்டுக்கு வந்து.
அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

பிரிவு என்ற சொல்லை
ஒலிவாங்கி வைத்து, வெளிச்சம் போட்டு,
நடுவில் தேநீர் இடைவேளை விட்டு
பகலில் பேசுகிறார்கள்.
சலித்துக்கொள்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள்.
எனக்கு அந்தக் கொட்டாவியில்தான்
கண் போய் நின்றது.

பெப்ரவரி முதலாம் திகதி, விடிய நாலரை.
அங்கே இரவு பதினொன்று.
சுபஹு பாங்குக்கு முன்னமே போன் அடித்தது.
"போயிட்டாங்க."
லண்டன் பிளேட்டை ஏற்றவா ஹாஜியார்?
"பொறுங்க. போயிட்டாங்க,
ஆனா வருஷம் முடியுமட்டும் எல்லாம் பழையபடியாம்.
அந்தப் பழைய லேபல் கிடக்கா?"

அன்று பின்னேரம் காலிமுகத்திடலில்
கடலை வாங்கினேன், ஐம்பது ரூபாய்க்கு.
சுருளை விரித்தால் உட்புறம்
கறுவாப்பட்டை, நூறு கிராம்.
ரொட்டர்டாமில் எண்ணெய் ஊறி
தெரு இலக்கம் மட்டும் மிச்சம்.
துறைமுகத்துக்கு வெளியே ஏழு கப்பல்
உள்ளே வர முறை பார்த்து நின்றன.
உப்புப் போதவில்லை என்றேன் கடலைக்காரனிடம்.
இன்னொரு பிடி தூவினான்.