உரி

ஏழு பேர் சேர்ந்தால் கொரிய வகுப்பு உண்டு
என்றார்கள் மாலைப் பள்ளியில்.
இதுவரை நீங்கள் ஒருவர்.
பக்கத்து அறையில் பீங்கான் வனைய
இருபத்திரண்டு பேர்.

கோபன்ஹேகனில் இருக்கிறது.
செவ்வாய் இரவு ஏழு முதல் ஒன்பது,
போக மூன்று மணி நேரம், வர மூன்று.
விடியுமுன் முதல் பேருந்தை எடுக்கிற ஓட்டுநருக்கு
அது வகுப்பு இல்லை, விரதம்.

இளைஞர் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம்:
பதின்மூன்று வயதுப் பெண்கள், சுவரெல்லாம் பாடகர்கள்.
யாரையோ கூட்டிப்போக வந்தவர் என்று நினைத்து
வாசலிலேயே நாற்காலி போட்டார்கள்.
அன்றைக்கு நான் கற்றது
'என் இதயம் சுக்குநூறானது.'
'நலமா?' என்று கேட்க
அவர்களுக்கும் தெரியவில்லை.

துறைமுகச் சாலையில் 'சோல்' என்று ஓர் உணவகம்.
முதலாளி சீனாவில் வென்சோ ஊர்க்காரர்.
பெயர் நன்றாக இருந்தது, வைத்தேன் என்றார்,
மன்னிப்புக்கு ஒரு கிண்ணம் கிம்ச்சி.

கடிதம் பிப்ரவரியில் வந்தது.
நாம் ஓக்-சுன், வயது அறுபத்தொன்று.
மகளுக்கு அல்ல,
அவளை வளர்த்தவர்களுக்கு.
கூடவே முகமை செய்த மொழிபெயர்ப்பு, அரைப் பக்கம்.
மூலம் மூன்று பக்கம்.

சிங்னே அரைப் பக்கத்தைப் படித்தாள், மடித்தாள்.
'எனக்கு இப்போது வேண்டாம்' என்றாள்.
முப்பத்தாறு வயது. வேண்டாம் என்பது அவள் உரிமை.
மீதி இரண்டரைப் பக்கம் எங்கே போயிற்று
என்று கேட்பது என்னுடையது.

நூலகத்தில் சொல்லிவைத்து ஓடன்ஸேயிலிருந்து ஒரு புத்தகம் வந்தது.
நான்காம் பாடத்தில் எல்லோரும்
தொலைபேசிச் சாவடி வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.
யாரோ ஏழாம் பயிற்சிவரை பென்சிலில் எழுதி
அங்கே நிறுத்தியிருக்கிறார்.
ஏன் நிறுத்தினார் என்று
ஏழாம் பயிற்சிக்கு வந்ததும் புரிந்தது.

பிறகுதான் மாலுமிகள் இல்லத்தில் பியோவைப் பார்த்தேன்.
காற்றாலை இறக்கை ஏற்ற வந்த கப்பலில்
இரண்டாம் எஞ்சினியர். வியாழன் வரை கரையில்.
கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.
'கொடுங்கள், படித்துச் சொல்கிறேன்.'
கை பைவரை போயிற்று.
பிறகு அவருக்கு இன்னொரு காப்பி ஊற்றினேன்.

நான் கேட்டது வேறு:
அந்த அம்மாளை என்னவென்று அழைப்பது?
பியோ கோப்பையை வெகுநேரம் சுற்றினார்.
'சாதோன்' என்றார்.
பெண் கொடுத்த வீடும் எடுத்த வீடும்
ஒன்றையொன்று கூப்பிடும் சொல்லாம்.
சம்பந்தி.
எங்கள் டேனிஷில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.
'தப்புத்தான்' என்றார் பியோ,
'ஆனால் அந்தத் தெருவில் வேறு வீடே இல்லை.'

இன்னொன்றும் கேட்டேன்.
கடிதத்தின் முதல் வரியில்
எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல்: உரி.
'உரி மகள்' என்று எழுதியிருக்கிறார்.
முகமை அதை 'என் மகள்' ஆக்கியிருக்கிறது.
புத்தகமோ 'எங்கள்' என்கிறது.
அந்த எங்களுக்குள் நான் உண்டா?
எங்கள் மகளா, நம் மகளா?

'தனி ஆளாய்க் குடியிருப்பவனும்
உரி வீடு என்றுதான் சொல்வான்.
யார் உள்ளே, யார் வெளியே என்று
அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது.
சம்பந்தியைத்தான் கேட்கவேண்டும் நீங்கள்.'
சிரித்தார். மணி பார்த்தார். காசை வைக்க விடவில்லை நான்.

வியாழன் கப்பல் போயிற்று.
என் பதில் முதல் வரியில் நிற்கிறது.
சாதோன் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.
அவருடைய முதல் பக்கத்தில் பதினொரு சொல் தெரிகிறது இப்போது.
அதில் ஒன்று 'மழை'.
அரைப் பக்கத்தில் மழையே இல்லை.

மாலைப் பள்ளியில் மூன்று பேர் ஆகிவிட்டோம்:
நான், ஒரு மருந்துக்கடைக்காரர்,
நாற்காலி போட்டாளே, அந்தப் பெண்.

'எத்தனை பேர் குறைகிறது?' என்று
போனில் கேட்டாள் சிங்னே.
நாலு என்றேன்.
பிறகு கார் டயரைப் பற்றிப் பேசினோம்.